கையைத் தூக்குவதற்கு முன் வரைபடத்தைக் காட்டுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபோது ஒரு பெரியவர் கேட்டார்: “சேர், இனித் தொகுதி முறை வரப்போகுதாமே. மன்னாருக்கென்று ஒரு எம்.பி. வருவாராம். நல்லம்தானே?” பக்கத்தில் நின்ற தம்பிமாரும் தலையாட்டினார்கள். “ஓம் மாமா, நல்லம்தான், ஆனா...” என்று இழுத்தோம். அந்த ‘ஆனா’ முற்றத்தில் நின்று சொல்லி முடிக்கிற விடயமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

மாமாவின் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. மேற்கே தலைமன்னார்க் கடல், கிழக்கே கொக்கிளாய்க் கடல். 6,500 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட இந்த நிலத்துக்கு 6 எம்.பி.மார். இந்த ஆறு பேரில் மடுவுக்கு யார், முசலிக்கு யார், பேசாலைக்கு யார் என்று கேட்டால் நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மழைக்கு மதகு உடைந்தாலும், இரவில் யானை வந்து தோட்டத்தை அழித்துவிட்டுப் போனாலும், ஒருவரிடம் போனால் மற்றவரிடம் போகச் சொல்வார். தேர்தல் முடிந்த பிறகு எவர் முகத்தையும் காணாத கிராமங்கள் மடுப் பக்கம் எத்தனை இருக்கின்றன என்பது அங்கே படிப்பிக்கப் போகிற ஆசிரியர்களுக்குத் தெரியும்.

விருப்பு வாக்கு என்ற தலையிடி வேறு. வன்னியில் ஒரு பட்டியலில் 9 வேட்பாளர்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று இலக்கம். ஒரே கட்சிக்காரர் ஒருவர் மற்றவரின் போஸ்டரைக் கிழிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று மாவட்டத்துக்கும் வாகனம் ஓட, போஸ்டர் அடிக்க, ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்க எவரிடம் காசு இருக்கிறதோ அவரே மேலே வருவார். நல்ல மனிதர், ஆனால் கையில் காசில்லை என்றால் அவர் பட்டியலில் ஒன்பதாவது ஆள்தான். இந்த முறை மாற வேண்டும் என்று சொல்பவர்களோடு நாமும் நிற்கிறோம். பிரச்சினை, எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதில்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குடியுரிமைக் கல்விப் பாடத்தில் தேர்தல் முறை வந்தது. புத்தகத்தை வைத்து விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் 40 பேரையும் வரிசைக்கு எட்டுப் பேராக ஐந்து வரிசையில் இருத்தி, பாடசாலை விளையாட்டுக் குழுவுக்கு ஐந்து பேரைத் தெரிவு செய்யச் சொன்னோம். மன்னார்ப் பிள்ளைகள் அல்லவா, 22 பேர் உதைபந்தாட்டம். 10 பேர் கரப்பந்தாட்டம். 8 பேர் கிரிக்கெட். ஒவ்வொரு வரிசையிலும் கூடிய வாக்கு எடுத்தவர் வெற்றி என்றோம். ஐந்து வரிசையிலும் உதைபந்தாட்டம். கரப்பந்துக்காரரும் கிரிக்கெட்காரரும் சேர்ந்து 18 பேர்; ஒருவர்கூடக் குழுவில் இல்லை. அடுத்து, வரிசையைப் பார்க்காமல் மொத்த வாக்கை வைத்துப் பங்கிட்டோம். உதைபந்து 3, கரப்பந்து 1, கிரிக்கெட் 1.

இவ்வளவும் புத்தகத்தில் உள்ளதுதான். பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான் புத்தகத்தில் இல்லை. “சேர், கிரிக்கெட்காரர் எட்டுப் பேரையும் ஒரே வரிசையில இருத்தியிருந்தா எங்களுக்கும் ஒராள் வந்திருப்பார்தானே? யார் எங்களை எந்த வரிசையில இருத்துறது?”

அந்தக் கேள்விக்கு அரசியல் அகராதியில் பெயர் எல்லை நிர்ணயம். இந்தப் பதிவே அந்தப் பிள்ளையின் கேள்வியைப் பற்றியதுதான்.

பழைய தொகுதி முறையை நம் மூத்தவர்கள் இனிமையாக நினைவுகூர்வார்கள். 1947 தேர்தலில் மன்னார்த் தொகுதியில் வென்ற சி. சிற்றம்பலம் முதல் அமைச்சரவையிலேயே அமைச்சரானார். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பி. எஸ். சூசைதாசன். மன்னாருக்கு ஒரு முகவரி இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த முகவரி எப்படி வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சோல்பரி யாப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைல் நிலத்துக்கு ஓர் ஆசனம் என்று கணக்கு. அன்று மன்னாரில் 75,000 பேர் எங்கே இருந்தார்கள்? ஆட்தொகையை மட்டும் எண்ணியிருந்தால் மன்னார் வேறொரு தொகுதியின் வாலாகத்தான் இருந்திருக்கும். காட்டையும் குளத்தையும் கரையையும் சேர்த்து எண்ணியதால் கிடைத்த ஆசனம் அது. இன்றைய முறையிலும் அதன் மிச்சம் ஒன்று இருக்கிறது. மாவட்ட ரீதியாகத் தெரிவாகும் 196 பேரில் 160 ஆசனங்கள் வாக்காளர் தொகைக்கு. மீதி 36, மாகாணத்துக்கு 4 வீதம் எல்லா மாகாணத்துக்கும் சமமாக. ஆட்கள் குறைந்த வடக்குக்கு அந்த நாலும் பெரிய உதவி. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எவரும் இந்த 36ஐப் பற்றி வாய் திறப்பதில்லை. மடு போன்ற இடங்களுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

தொகுதி முறை ஏன் கைவிடப்பட்டது? 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி நாட்டின் வாக்கில் ஏறக்குறைய 51 வீதம் எடுத்தது. கிடைத்த ஆசனம் 168இல் 140. சுதந்திரக் கட்சிக்கு ஏறக்குறைய 30 வீத வாக்கு, ஆசனம் 8. வகுப்பில் 18 பிள்ளைகள் காணாமல் போனது போலத்தான். 1978 யாப்பில் விகிதாசாரம் வந்தது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு, அதாவது 12.5 வீதம், எடுக்காத கட்சிக்கு ஆசனமே இல்லை. 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன், 15ஆவது திருத்தத்தால் அது 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதைப் பிரேமதாசவிடம் கேட்டுப் பெற்றவர் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப். நம் மேடைகளில் அஷ்ரபைப் பற்றிக் கவிதை படிக்கிற அளவுக்கு இந்த 12.5ஐயும் 5ஐயும் எவரும் விளக்குவதில்லை.

விளக்கத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. நம் வன்னியின் 2024 நவம்பர் முடிவே போதும்.

தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்கு, 2 ஆசனம். ஐக்கிய மக்கள் சக்தி 32,232, ஆசனம் 1. தமிழ் அரசுக் கட்சி 29,711, ஆசனம் 1. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 21,102, ஆசனம் 1. இலங்கை தொழிற் கட்சி 17,710, ஆசனம் 1. மொத்தச் செல்லுபடியான வாக்கு இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்போது கடதாசி பேனாவை எடுங்கள். 1988க்கு முந்தைய விதி இன்றும் இருந்திருந்தால் வெட்டுப்புள்ளி 24,000ஐத் தாண்டும். 21,102 எடுத்த கூட்டணி வெளியே. 17,710 எடுத்த தொழிற் கட்சி வெளியே. அதாவது செல்வம் அடைக்கலநாதனும் இல்லை, காதர் மஸ்தானும் இல்லை. ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அவர்களின் இரு ஆசனமும் எங்கே போகும்? போனஸ் ஆசனத்தையும் சேர்த்துப் பங்கிட்டால் தேசிய மக்கள் சக்திக்கு 3, ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, தமிழ் அரசுக் கட்சிக்கு 1. அந்த விதி இருந்திருந்தால் கட்சிகள் வேறு விதமாகக் கூட்டுச் சேர்ந்திருக்கும், மக்களும் வேறு விதமாகப் புள்ளடி போட்டிருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு சிறிய சதவீத மாற்றம் என்ன செய்யும் என்பது இப்போது விளங்கும்.

இதே முடிவில் இன்றைய முறையின் ஓட்டைகளும் தெரிகின்றன. ஐந்தில் ஒரு பங்கு வாக்கு எடுத்த கட்சிக்கு மூன்றில் ஒரு பங்கு ஆசனம். காரணம், முதலாவதாக வந்த கட்சிக்கு இனாமாகக் கொடுக்கும் போனஸ். மறுபுறம், ஆசனம் எடுத்த ஐந்து கட்சிகளின் வாக்கையும் கூட்டினால் 140,649தான் வரும். நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட வாக்குகள் எவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. சுயேச்சைக் குழு, உடைந்த கட்சி, அதிலிருந்து உடைந்த கட்சி என்று சிதறிப் போனவை அவை.

ஒரு தமிழ் நண்பர், கூடப் படிப்பிக்கிறவர், நேரே கேட்டார்: “ஆறில் இரண்டு பேர் முஸ்லிம்கள். உங்களுக்கு இன்னும் என்ன குறை?” நியாயமான கேள்வி. முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். வன்னியில் நம் தொகைக்கு இரண்டு கூடுதல்தான். தமிழ் வாக்கு பல பட்டியலாகச் சிதறியதும் அதற்கு ஒரு காரணம். அந்த இரண்டை என்றென்றைக்கும் உறுதி செய்து தாருங்கள் என்று கேட்பது நமது நோக்கமில்லை. நம் பயம் வேறு: இரண்டு, ஒன்றாவதல்ல, ஒன்று, பூச்சியமாவது.

தனித் தொகுதி வந்தால் அப்படி ஆகுமா? வரைபடத்தைப் பாருங்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் தீவுக்குள். விடத்தல்தீவு வடக்கே பெருநிலத்தில். சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் தெற்கே முசலியில். இந்த ஊர்களை ஒரே கோட்டுக்குள் கொண்டுவர எந்த நில அளவையாளராலும் முடியாது. “நமக்கென்று ஒரு தொகுதி வெட்டித் தரச் சொல்லுவோம்” என்று ஆவேசமாகப் பேசும் தம்பிமார் முதலில் பஸ்ஸில் ஏறி மறிச்சுக்கட்டியிலிருந்து விடத்தல்தீவு வரை ஒரு நாள் போய் வரட்டும். இடையில் எத்தனை தமிழ்க் கிராமங்கள், எத்தனை கோயில்கள், எத்தனை மாதா சொரூபங்கள். அவர்களை வெட்டி விலக்கிவிட்டு நமக்கு ஒரு தொகுதியா? அது நமக்கும் அழகல்ல.

இன்னொரு சிக்கல், எந்தத் தொகையை வைத்து வரைவது என்பது. 1981 கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டத்தில் நாலில் ஒருவருக்கும் மேல் முஸ்லிம். 2012இல் ஏறக்குறைய ஆறில் ஒருவர். இடையில் நடந்தது 1990 ஒக்டோபர். அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 35 வருடம் கடந்தும் நம்மில் பாதிக் குடும்பங்களுக்கு வாப்பாவின் வீடு இங்கே, பிள்ளையின் பாடசாலை புத்தளத்தில். சனத்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே எண்ணப்படுகிறோம்; வாக்காளர் இடாப்பில் சிலர் இங்கே, சிலர் அங்கே, சிலர் எங்கேயும் இல்லை. 2019 நவம்பர் 16 காலையில் புத்தளத்திலிருந்து வாக்களிக்க மன்னார் வந்த பஸ்கள் தந்திரிமலையில் தாக்கப்பட்டதே, அந்தப் பஸ்களில் இருந்தவர்களை எந்த ஊர்க்காரர் என்று எண்ணுவது? மாவட்டம் முழுக்க ஒரே பட்டியல் என்றால் இந்தத் தடுமாற்றத்தால் வரும் சேதம் குறைவு. கிராமம் கிராமமாகக் கோடு போடும்போது ஒவ்வொரு நூறு பேரும் முக்கியம். 2024 கணக்கெடுப்பை வைத்துக் கோடு போட்டால் புத்தளத்தில் இருக்கிறவர்கள் அங்கும் சிறுதொகை, இங்கும் சிறுதொகை. நாமும் சில விடயங்களை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே நிரந்தரமாகிவிட்டவர்கள் இங்கே வாக்கை மட்டும் வைத்திருப்பதைப் பற்றி அயல் கிராமத்தவருக்கு மனக்குறை இருக்கிறது. அதை இல்லையென்று சொல்லித் தப்ப முடியாது. உட்கார்ந்து பேச வேண்டிய விடயம்.

இனி, பதிவின் தலைப்புக்கு வருவோம். ‘கையைத் தூக்குவது’ என்று ஏன் எழுதினோம்?

2017 செப்டெம்பர். மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம். பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென்று கொண்டுவரப்பட்ட சட்டமூலம், குழுநிலையில் ஒரே நாளில் உருமாறி, பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறையாக வெளியே வந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. நம் கட்சிகளும் ஆதரவாகத்தான் வாக்களித்தன. அப்போது தொகுதிகளின் வரைபடம் கிடையாது. சட்டம் முதலில், கோடு பிறகு. கையைத் தூக்கிய பிறகுதான் நம்மவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

எல்லை நிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்தவர் நம் எருக்கலம்பிட்டி மண்ணின் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களின் கணக்கை ஊர் ஊராக எழுதி வைத்தவர். குழுவின் அறிக்கையில் சிதறி வாழும் மக்களுக்கு, குறிப்பாக முஸ்லிம்களுக்கு, நியாயமான பங்கு வரவில்லை என்று தன் மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தார். சத்தம் போடவில்லை, மேடை ஏறவில்லை; வரைபடத்தையும் எண்ணையும் வைத்துப் பேசினார். 2018 ஓகஸ்ட்டில் அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக ஒருவர்கூட இல்லை, கொண்டுவந்தவர்களே எதிர்த்தார்கள். அந்த வாரமே பேராசிரியர் யாழ்ப்பாணத்தில் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு மேலான சுவனத்தைக் கொடுப்பானாக.

பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை. முடியவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு வரைபடம் இல்லை. 2013 செப்டெம்பரில் நாம் தெரிவு செய்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தலே இல்லை. அந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதிய பிள்ளை இன்று வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

இது ஆசிரியர்களாகிய எங்களுக்கு வெறும் செய்தி அல்ல. மன்னாரில் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். மடுப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதத்துக்கு ஆளில்லை, விஞ்ஞானத்துக்கு ஆளில்லை என்றால் கேள்வி கேட்க மாகாணத்தில் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லை. ஆளுநருக்குக் கடிதம் எழுதலாம். எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அரைகுறையாகச் செய்த ஒரு தேர்தல் சீர்திருத்தம் ஒரு சபையையே இல்லாமலாக்கியது என்பதற்கு உலகத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

உள்ளூராட்சியில் கலப்பு முறை நடைமுறைக்கு வந்ததைப் பார்த்துவிட்டோம். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். 2018 பெப்ரவரியில் முதல் தேர்தல். நாடு முழுக்க 4,486ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது. பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆனால் ஒரு நன்மையையும் மறைக்கக் கூடாது: “எங்கள் வட்டாரத்து ஆள்” என்று கைநீட்டிக் காட்ட ஒருவர் கிடைத்தார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். மாமா ஆசைப்படுவதும் இதைத்தான்.

அந்த ஆசையையும் சிறிய சமூகத்தின் பங்கையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியுமா? முடியும். ஆனால் ‘கலப்பு முறை’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. அதைக் கவனிக்க வேண்டும்.

மறுபடியும் வகுப்புக்கு வாருங்கள். ஐந்து இடத்தில் மூன்றை வரிசைக்கு விடுவோம், இரண்டைப் பட்டியலுக்கு விடுவோம். மூன்று வரிசையிலும் உதைபந்து வெல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டையும் தனியாக எடுத்து 40 வாக்குக்கும் பங்கிட்டால் உதைபந்துக்கு இன்னொன்று, கரப்பந்துக்கு ஒன்று. மொத்தம் 4, 1, கிரிக்கெட்டுக்குப் பூச்சியம். இது ஒரு வகை. மற்ற வகையில், முதலில் மொத்த வாக்கை வைத்து யாருக்கு எத்தனை என்று தீர்மானிப்பது: 3, 1, 1. உதைபந்து ஏற்கெனவே வரிசையில் மூன்றையும் எடுத்துவிட்டது. ஆகவே பட்டியலில் உள்ள இரண்டும் கரப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும். பிள்ளைகள் அதே பிள்ளைகள், வாக்கும் அதே வாக்கு. ஒரு வகையில் எட்டுப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள், மற்ற வகையில் எல்லோரும் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1993இல் மக்களிடமே கேட்டு, 1996இலிருந்து இரண்டாவது வகையைத்தான் நடத்துகிறார்கள். அங்கே ஆளுக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. நம் உள்ளூராட்சியில் ஒரே வாக்கு. வட்டாரத்தில் நல்ல மனிதருக்குப் போட்டால் அவர் கட்சிக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும். வேட்பாளர் நல்லவர், கட்சி பிடிக்காது என்றால் நாம் என்ன செய்வது? பாராளுமன்றத்துக்கும் அதே ஒற்றை வாக்கை இறக்கினால் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சிதறிய ஊர்களுக்குப் பழைய வழி ஒன்றும் நம் நாட்டிலேயே இருந்தது: இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1977இல் பொத்துவில் அப்படிப்பட்டது. ஒரே தொகுதியில் எம். ஏ. அப்துல் மஜீதும் எம். கனகரட்ணமும் தெரிவானார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழர். ஊரை வெட்டாமல், வேலி போடாமல் இரண்டு பேரும் வந்தார்கள். மன்னாரைக் குறுக்கே கூறு போடுவதைவிட இரண்டு பேரை அனுப்பும் ஒரே தொகுதியாக வைத்திருப்பது நமக்கும் நல்லது, கத்தோலிக்க, இந்துச் சகோதரர்களுக்கும் நல்லது என்பது எமது அபிப்பிராயம். இதை ஏற்காதவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கணக்கைப் போட்டுக் காட்டட்டும், பிழையென்றால் திருத்திக்கொள்வோம்.

இதை ‘முஸ்லிம் பிரச்சினை’ என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். வவுனியாவிலும் மற்ற இடங்களிலும் குடியேறி வாழும் மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கும், வவுனியா தெற்குச் சிங்களக் கிராமங்களுக்கும், காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் மடுவின் சிறு கிராமங்களுக்கும் இதே கணக்குத்தான். தனக்கென்று ஒரு பிரதேச சபைகூட இல்லாமல் மாந்தை மேற்கோடு சேர்ந்திருக்கிற மடு, நாளை ஒரு பெரிய தொகுதியின் கடைசி மூலையாக இருந்தால் அங்கே வாக்குக் கேட்டுப் போக யாருக்கு அவசியம்?

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். 2015இல் 237 பேர் கொண்ட பாராளுமன்றம், அதில் 145 பேர் தொகுதியிலிருந்து என்று ஒரு திட்டம் வந்தது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும் அதுவும் போனது. அன்று எவரிடமும் தனியே நிறைவேற்றும் பலம் இருக்கவில்லை. இன்றைய அரசாங்கத்திடம் 225இல் 159 பேர் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். புதிய யாப்பு கொண்டுவருவோம் என்று தேர்தலிலேயே சொன்னவர்கள். நல்லெண்ணத்தோடு செய்யலாம், செய்யட்டும். ஆனால் இந்த முறை நம் எம்.பி.மார் கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் சட்டம் நிறைவேறும். ஆகவே பேச வேண்டிய நேரம் சட்டமூலம் வந்த பிறகு அல்ல.

ஆறு எம்.பி.மாரில் எவர் ஊருக்கு வந்தாலும், கல்யாண வீடாக இருந்தாலும் மையித்து வீடாக இருந்தாலும், மரியாதையோடு ஓரமாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தொகுதி வரைபடத்தைச் சட்டத்துக்கு முன்னால் காட்டுவீர்களா? எந்தக் கணக்கெடுப்பை வைத்து வரைகிறீர்கள்? மொத்த ஆசனத்தை மொத்த வாக்கு தீர்மானிக்குமா, இல்லையா? 5 வீதம் அப்படியே இருக்குமா? மாகாணத்துக்கு 4 என்ற அந்த 36க்கு என்ன நடக்கும்? “பார்ப்போம்” என்று சொன்னால் விடாதீர்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும், பங்குத் தந்தைமாரும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் இன்னும் நல்லது. கடிதத்தை எழுதித் தர நாங்கள் இருக்கிறோம். கணக்கையும் போட்டுத் தருகிறோம்.

வாக்காளர் இடாப்புப் படிவம் வரும்போது கிராம அலுவலரிடம் போய் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 18 வயதான பிள்ளைகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் இருக்கும் சொந்தங்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள். எங்கே பதிவது என்பதை அவர்களும் வீட்டில் இருந்து பேசி முடிவெடுக்கட்டும்.

முற்றத்தில் கேட்ட மாமாவுக்கு: அஸருக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வருகிறோம். கடதாசியும் பேனாவும் கொண்டு வருகிறோம், தேநீர் உங்கள் கணக்கு.